வாயேஜர் 1 பழுதானால் பூமியிலிருந்து எப்படிச் சரிசெய்கிறார்கள்?

1977-இல் அனுப்பிய விண்கலம் இன்னும் வேலை செய்கிறதாமே, அங்கே கோளாறு வந்தால் யார் போய்ப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் போவதில்லை, போகவும் முடியாது. எல்லாம் ரேடியோ வழியாகத்தான். எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் வேலையில் இருப்பவன் நான். விண்வெளிச் செய்திகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். வாயேஜர் 1 பூமியிலிருந்து சுமார் 2,500 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒளி வேகத்தில் ஓடும் ரேடியோ அலைக்கே அங்கே போய்ச் சேர 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இன்று காலை ஒரு கட்டளை அனுப்பினால், அது பலித்ததா இல்லையா என்று நாளை மறுநாள்தான் தெரியும். கலத்தின் டிரான்ஸ்மிட்டர் சுமார் 23 வாட், ஒரு எல்இடி டியூப்லைட் அளவு. அந்தச் சிக்னலைப் பிடிக்கத்தான் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா மூன்றிலும் 70 மீட்டர் விட்டமுள்ள பெரிய ஆன்டெனாக்கள் நிற்கின்றன.

இப்போது கோளாறு விஷயம். 2023 நவம்பரில் வாயேஜர் 1 அனுப்பிய தகவல் திடீரென்று அர்த்தமில்லாமல் போனது. அலை வருகிறது, நாம் அனுப்பும் கட்டளையைக் கலம் வாங்கிக்கொள்கிறது, ஆனால் வருவதெல்லாம் ஒன்றும் பூஜ்யமும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப. அளவீடுகளைத் திரட்டி மூட்டை கட்டி அனுப்பும் கணினி ஒன்று கலத்தில் இருக்கிறது. அதில்தான் கோளாறு என்று நாசாவின் ஜெட் புரபல்ஷன் லேபரட்டரி ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ரீஸ்டார்ட் செய்து பார்த்தார்கள், பலனில்லை.

எங்கள் பெஞ்சுக்கு அப்படி ஒரு போர்டு வந்தால் மல்டிமீட்டரை வைத்து இடம் இடமாகத் தொட்டுப் பார்ப்போம், சந்தேகப்படும் ஐசியைக் கழற்றி வேறு போட்டுப் பார்ப்போம். அவர்களுக்கு அந்த வழியே கிடையாது. கையில் இருந்தவை அன்றைய பொறியாளர்கள் எழுதிவைத்த பழைய ஆவணங்கள். அவையும் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்து எழுதியவை அல்ல.

2024 மார்ச் 1 அன்று ஒரு கட்டளை அனுப்பினார்கள். நிரலில் கெட்டுப்போன பகுதி இருந்தால் அதைத் தாண்டி வேறு வரிசையில் ஓடிப் பார் என்று கணினியைத் தூண்டும் கட்டளை. மார்ச் 3 அன்று வந்த சிக்னலில் ஒரு பகுதி வழக்கமான குழப்பத்திலிருந்து மாறி இருந்தது. ஆன்டெனா வலையமைப்பில் வேலை செய்யும் பொறியாளர் ஒருவர் அதைப் பிரித்துப் படித்தார். உள்ளே இருந்தது அந்தக் கணினியின் நினைவகம், முழுவதுமாக! கோளாறுக்கு முன்பு எடுத்துவைத்த பிரதியோடு அதை ஒப்பிட்டதில், சுமார் 3 சதவீதம் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. காரணம் ஒரே ஒரு சிப். வயதாகிச் செத்திருக்கலாம், விண்வெளித் துகள் ஏதாவது தாக்கியிருக்கலாம்.

செத்த சிப்பை அங்கே போய் மாற்ற முடியாது. அதில் இருந்த நிரலைத்தான் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மொத்தமாக வைக்க எங்கேயும் இடம் போதவில்லை, அவ்வளவு சின்ன நினைவகம். அதனால் துண்டு துண்டாகப் பிரித்து, காலியாகக் கிடந்த மூலைகளில் செருகினார்கள். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்தது எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக முகவரிகளையும் திருத்தினார்கள். ஏப்ரல் 18 அன்று முதல் துண்டு போனது. அன்றைய தூரத்துக்குப் போக இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதத்துக்குப் பிறகு, கலத்தின் நலம் பற்றிய தகவல் படிக்கும்படியாக வந்தது. ஜூனில் நான்கு அறிவியல் கருவிகளும் ஒழுங்காக வேலை செய்தன.

இதில் 1970-களின் வடிவமைப்பாளர்களுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். வெளியிலிருந்தே நிரலைத் திருத்தலாம் என்று அவர்கள் வழி வைக்காமல் போயிருந்தால், 2024-இன் ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதன் ஜோடிக் கலமான வாயேஜர் 2-க்கும் இப்படி ஒரு வழி இருந்தது. 2023 ஜூலையில் தவறான கட்டளையால் அதன் ஆன்டெனா வெறும் 2 டிகிரி திரும்பித் தொடர்பு அறுந்தது. தானாகவே பூமியை நோக்கித் திரும்பிக்கொள்ளும் ஏற்பாடு அக்டோபரில் நடக்க இருந்தது, ஆனால் அதுவரை காத்திருக்கவில்லை. கான்பெராவிலிருந்து பலமான சிக்னலில் கட்டளை அனுப்பி ஆகஸ்ட் 4 அன்றே மீட்டுவிட்டார்கள்.

இத்தனை பாடு எதற்கு என்றால், சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள்களின்) எல்லையைத் தாண்டிய இடத்தை நேரில் அளக்க வேறு கருவியே இல்லை. வாயேஜர் 1 அந்த எல்லையை 2012-இல் கடந்தது, வாயேஜர் 2 2018-இல்.

எத்தனை நாள் ஓடும் என்பதைச் சிப்பை விட மின்சாரம்தான் முடிவு செய்யும். புளூட்டோனியம் சிதையும்போது வரும் வெப்பத்திலிருந்து கலம் மின்சாரம் எடுக்கிறது. புறப்பட்டபோது சுமார் 470 வாட், ஆண்டுக்குச் சுமார் 4 வாட் குறைகிறது. அதனால் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வருகிறார்கள். 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1-இன் காஸ்மிக் கதிர்க் கருவி, மார்ச்சில் வாயேஜர் 2-இன் துகள் கருவி. இப்படிச் சிக்கனம் பிடித்தால் ஒரு கருவியையாவது 2030-கள் வரை கொண்டுபோகலாம் என்பது அவர்கள் கணக்கு.