நெருப்பு வெளிச்சம் வரைய எந்த மஞ்சள் வாங்குவது?

கேள்வி: உறைபனிக் காலத்தில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு முன்னால் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறவர்களை ஆயில் பெயின்டில் வரைகிறேன். கேட்மியம் மஞ்சள் என்று ஆன்லைனில் வாங்கினேன். வந்த டியூபில் பெயரோடு 'ஹியூ' என்றும் இருக்கிறது. படத்தில் நெருப்பு எரியவே மாட்டேன் என்கிறது. டியூபைத் திருப்பிக் கொடுக்கலாமா? விலை கூடியது வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். பி.ஒய். 35 அல்லது 37 என்றால் அசல் கேட்மியம் மஞ்சள். பி.ஒய். 74 என்பதுபோல இருந்தால், அதே சாயலில் வேறு நிறமி. 'ஹியூ' என்று போடுவது அதற்குத்தான், மோசடி இல்லை. ஆனால் விற்பனைப் பக்கத்தில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கதை வேறு. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள். அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் டியூபின் போட்டோவையும் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்தில் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

ஆனால் அசல் கேட்மியம் கைக்கு வந்தாலும் அந்த நெருப்பு எரியுமா என்பது சந்தேகம்தான். பிரகாசம் வேண்டுமென்று ஆரஞ்சில் வெள்ளையைக் கலக்கிறீர்களா? கலந்தால் சூடு போய் வெளிறிவிடும். மஞ்சளை வைத்தே வெளிச்சத்தை ஏற்றுங்கள். வெள்ளை, தழலின் நடுவில் துளி போதும். நெருப்பைப் பார்த்த கன்னம், மூக்கு நுனி, நீட்டிய உள்ளங்கை இவை மட்டும் ஒளிரட்டும். கம்பளி போர்த்திய முதுகு எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியக் கூடாது.

கூடலூர் வழியாக மைசூர் போனால் ஜகன்மோகன் அரண்மனையில் ஹல்தாங்கரின் விளக்கேந்திய பெண் ஓவியத்தைப் பாருங்கள். அது ஆயில்கூட இல்லை, வாட்டர்கலர். சுற்றியுள்ள நிழல்தான் விளக்கை மறைத்த அவள் விரலிடுக்கில் ஒளியைக் கசிய வைக்கிறது.

அதனால் காசை இருட்டுக்குச் செலவழியுங்கள். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம் இரண்டும் பெரும்பாலும் விலை குறைந்த வரிசையிலேயே கிடைக்கும். கலந்தால் கறுப்பைவிட ஆழமான இருள் வரும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் என்ற கறுப்பு மெதுவாகத்தான் காயும், மலைக்குளிரில் இன்னும் இழுக்கும்.

அப்புறம், ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.