வட்டம், சதுரம், தலைகீழ் முக்கோணம்: காமர்ஸ் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

(உள் தணிக்கையாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கல்லூரியில் வகுப்பெடுத்துவரும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘கணக்கியல் தகவல் முறைமை’ என்று இந்தப் பருவத்தில் ஒரு தாள். வகுப்பு முழுக்க வட்டமும் சதுரமும் அம்புக்குறியும்தான். ஒரு பேரேடுகூட இன்னும் போடவில்லை. என் அக்கா டேலி என்ற கணக்கு மென்பொருளை மட்டும் கற்றுக்கொண்டு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் மட்டும் ஏன் படம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்?
மாணவி, ஈரோடு

பதில்: அக்காவுக்கு என் வாழ்த்து. டேலியைக் குறைத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. ஆனால் ஒரு பில் டேலிக்குள் நுழைவதற்கு முன்பு அதற்கு என்னென்ன நேர்ந்தது என்பது டேலிக்குத் தெரியாது. உங்கள் தாள் அதைப் பற்றியது.

உங்கள் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு விசைத்தறிக் கூடம் 200 கிலோ நூலுக்கு, கிலோ 250 ரூபாய் என்று ஆர்டர் கொடுக்கிறது. வண்டியில் வந்து இறங்கியது 180 கிலோ. மில் அனுப்பிய பில்லோ 200 கிலோவுக்கு. வரியை ஒதுக்கிவிட்டால் 50,000 ரூபாய். கணக்குப் பிள்ளை பில்லைப் பார்த்துக் கொள்முதல் கணக்கில் 50,000 பற்று, மில் கணக்கில் 50,000 வரவு வைக்கிறார். பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு பைசா பிசகாமல் பொருந்தும். வராத 20 கிலோவுக்கு 5,000 ரூபாய் போய்விட்டதைப் பேரேடு காட்டிக்கொடுக்காது. அதைக் காட்டிக்கொடுக்க மூன்று தாள்கள் வேண்டும்: கொள்முதல் ஆர்டர், சரக்கு இறங்கியபோது ஸ்டோர்ஸில் எடை போட்டு எழுதிய வரவுச் சீட்டு, மில்லின் பில். மூன்றையும் யாரோ ஒருவர் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் காசோலை எழுத வேண்டும். அந்த ஒருவர் யார், தாள்கள் எந்த வழியாக அவர் மேஜைக்கு வருகின்றன, அவர் கையெழுத்திட்ட பின் எங்கே போகின்றன? உங்களுக்கு அலுப்புத் தட்டும் அந்த அம்புக்குறிகள் இதைத்தான் காட்டுகின்றன.

அடிப்பக்கம் அலைபோல் வளைந்த கட்டம் ஓர் ஆவணம். தலைகீழ் முக்கோணம் கோப்பு. அதற்குள் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தை எழுதினால் எண் வரிசையிலும், ‘டி’ (D) என்று எழுதினால் தேதி வரிசையிலும் அடுக்குகிறார்கள் என்று பொருள். விடைத்தாள் திருத்தும்போது நான் முதலில் தேடுவது இந்த முக்கோணத்தைத்தான். பாதிப் பேர் போடுவதில்லை. ஒரு தாள் அம்பில் ஏறிப் போய் எங்கும் இறங்காமல் நின்றால், நிஜத்திலும் அது யாருடைய இழுப்பறையிலோ கிடக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆர்டர் கொடுப்பவர், சரக்கை வாங்கி வைப்பவர், பணம் தருபவர் மூவரும் ஒரே ஆளா? அப்படியென்றால் அவர் உத்தமராகவே இருந்தாலும் முறைமை மோசம். நான்கு தறி ஓட்டுகிறவர் இதற்கென்று மூன்று ஆள் வைக்க முடியாது. முதலாளியே காசோலையில் கையெழுத்திடும் முன் மூன்று தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டால் போதும். தேர்வில் இதையும் எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். அக்காவின் கடையில் விற்பனைத் திருப்பம் எப்படி நடக்கிறது என்று வரைந்து பாருங்கள். வாடிக்கையாளர் புடவையைத் திருப்பிக் கொடுப்பதில் தொடங்கி, அது மறுபடி அலமாரி ஏறும் வரைக்கும். ஓட்டைகள் கண்ணில் படும். கடைக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் அக்காவைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கணிதம் வராது என்றுதான் காமர்ஸ் எடுத்தேன். இப்போது தரவுத்தளம், அதனிடம் தகவல் கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழி என்கிறார்கள். தப்பிக்க வழி உண்டா ஐயா?
மாணவர், சேலம்

பதில்: இல்லை, தம்பி. ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு அதில் கணிதமும் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டவணை, பில்களுக்கு ஓர் அட்டவணை. பில்லில் வாடிக்கையாளர் எண்ணை மட்டும் எழுதி, பெயரையும் முகவரியையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது. பாதிப் பாடம் இவ்வளவுதான். ஒவ்வொரு பில்லிலும் பெயரைத் தட்டினால் ஒரே கடை ‘முருகன் ஸ்டோர்ஸ்’, ‘முருகன் ஸ்டோர்’, ‘ஸ்ரீமுருகன் ஸ்டோர்ஸ்’ என்று மூன்றாகிவிடும். பிறகு யாரிடம் எவ்வளவு நிலுவை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பதிவேட்டின் மேல் ஸ்கேல் வைத்து வரி வரியாக இறக்கிய காலம் உண்டு. இப்போது சப்ளையர் எண், பில் எண் இரண்டையும் வைத்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்க்கும் ‘குரூப் பை’ கட்டளையைப் போட்டு, ஒன்றுக்கு மேல் வந்தவற்றைக் கேட்டால் கணினி எடுத்து நீட்டிவிடும். எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசம், வீட்டில் இருக்கும் பழைய கணினியே போதும்.

வில்லியம் மெக்கார்த்தி என்ற பேராசிரியர் 1982-இல் முன்வைத்த ‘வளம், நிகழ்வு, ஆள்’ மாதிரியும் உங்களுக்குப் பாடமாக வரலாம். அதில் பற்று வரவுக்கே இடமில்லை. என்ன நடந்தது, எந்தப் பொருள் கைமாறியது, யார் யார் அதில் இருந்தார்கள் என்று பதிந்துவைத்தால் பற்று வரவை வேண்டும்போது கணித்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். பழைய ஆளான எனக்கு இது இன்னும் முழுதாக ஒட்டவில்லை. நீங்கள் படித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் கணினியில் இருக்கும்போது மோசடி எப்படி நடக்கிறது?
வாசகர், மதுரை

பதில்: எல்லாம் கணினியில் இருக்கிறது, ஆனால் ஒரே கணினியில் இல்லை. 2018 பிப்ரவரியில் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தில், மும்பைக் கிளை ஒன்றிலிருந்து, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ‘ஸ்விஃப்ட்’ வழியாக, வாடிக்கையாளரின் கடனுக்கு வங்கி பொறுப்பேற்கும் உறுதிக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் அவை ஏறவே இல்லை. இரண்டும் இணைக்கப்படாததால் ஒன்றில் நடந்தது மற்றொன்றுக்குத் தெரியவில்லை.

என் மாணவர்களுக்கு நான் இதைவிட அதிகமாகச் சொல்வது பிரிட்டன் தபால் நிலையக் கதை. அங்கே கடையோடு சேர்த்துத் தபால் கிளை நடத்தியவர்களின் கணக்குக்காக 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற மென்பொருள் வந்தது. பணம் குறைகிறது என்று அது காட்டினால், பொறுப்பாளர் திருடிவிட்டார் என்றார்கள். கைக்காசைக் கட்டியவர்கள் உண்டு, சிறைக்குப் போனவர்கள் உண்டு. தண்டிக்கப்பட்டவர்கள் 900-க்கும் மேல். 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. கிளைக்காரருக்குத் தெரியாமல் வெளியிலிருந்தே அவர் கணக்கைத் தொட முடிந்தது என்பதும் நிரூபணமானது. 2024-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது. கணினி காட்டும் எண்ணைச் சந்தேகிக்கவும் இந்தப் பாடத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்காளராக இருந்துகொண்டே தொலைநிலையில் எம்.காம். படிக்கிறேன். போன மாத வவுச்சர் ஒன்றின் தேதியை மாற்றச் சொல்கிறார் மேலாளர். “யாருக்குத் தெரியப்போகிறது?” என்கிறார்.
பெயர் வேண்டாம், கோவை

பதில்: தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் அணைத்துவைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும் என்பது விதி. தணிக்கையாளர் தம் அறிக்கையில் இதைப் பற்றி எழுதியாக வேண்டும். தனி உரிமைக் கடைகளுக்கும் கூட்டாண்மைகளுக்கும் இந்த விதி கிடையாது, உங்களுக்கு உண்டு. தேதி உண்மையிலேயே தவறென்றால் மேலாளர் அதை மின்னஞ்சலில் காரணத்தோடு எழுதித் தரட்டும். திருத்தத்துக்குப் பக்கத்தில் விழப்போவது உங்கள் பயனர் பெயர். கடவுச்சொல்லை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பட்டம் முடித்ததும் ‘சிசா’ தேர்வு எழுதலாமா?
மாணவி, திருச்சி

பதில்: எழுதலாம். தகவல் முறைமைத் தணிக்கையாளருக்கான சர்வதேசச் சான்றிதழ் (CISA) அது. சான்றிதழ் கைக்கு வர தகவல் முறைமைத் தணிக்கை அல்லது அதையொட்டிய வேலையில் ஐந்தாண்டு அனுபவம் கேட்பார்கள்; பட்டப்படிப்புக்காக அதில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. தேர்வை முதலில் முடித்துவிட்டு அனுபவத்தைப் பிறகு காட்டவும் அனுமதிக்கிறார்கள். 150 கேள்விகள், நான்கு மணி நேரம். என்னைக் கேட்டால் முதலில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்து சில கிடங்குகளில் சரக்கு எண்ணிவிட்டு எழுதுங்கள். கேள்விகள் எதைப் பற்றியவை என்று புரியும். தேர்வுக் கட்டணம் டாலரில். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.