உப்பில்லாத குளத்தில் நீர்த்தெள்ளு எப்படி வாழ்கிறது?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரில் உப்பே இல்லையே, அதிலுள்ள நீர்த்தெள்ளுக்கு (இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளில் மிகச் சிறிய ஒன்று) உப்பு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் கொஞ்சம் இருக்கிறது. நீர்த்தெள்ளின் குருதியில் அதைவிடப் பல மடங்கு உப்பு உண்டு. அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறும், உப்பு வெளியே கசியும். மிகுந்த நீரைத் தாடைச் சுரப்பி வெளியேற்றிவிடும், சரி. இழந்த உப்பை மீட்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு: கால்களோடு ஒட்டிய செவுள் தகடுகளின் கலங்கள் சக்தியைச் செலவழித்து, அவ்வளவு ஐதான நீரிலிருந்தும் சோடியத்தை உள்ளே இழுக்கின்றன. கருவில் இந்தத் தகடுகள் வளர்ந்திருக்காது. கழுத்துப் பக்கத்து உறுப்பொன்று அந்த வேலையைப் பார்க்கும்.

எல்லா ஓட்டுடலிகளுக்கும் இது கைகூடுவதில்லை. பெரிய நன்னீர் இறால் குளத்தில் நன்றாக வளரும்; ஆனால் அதன் குடம்பிகளுக்கு உவர்நீர் வேண்டும். அதனால்தான் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளைக் குளங்களில் விடுகிறார்கள்.