அந்த மெமோவைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாக கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருக்கிறேன். தகடை அழுத்தி வடிவாக்கும் பழைய பவர் பிரஸ் ஒன்று, பெடலை ஒருமுறை மிதித்ததற்கு இரண்டு முறை அடித்து, பகல் ஷிப்ட் ஆபரேட்டருக்கு விரல் நுனி போய்விட்டது. அது அப்படி அடிப்பது இரவு ஷிப்ட் தம்பிக்கு மூன்று நாளாகவே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றால், ‘போன மாசம் பிரஸ்ஸோட அச்சு, அந்த டை உடைஞ்சதைச் சொன்னவருக்கு மெமோ கொடுத்தீங்களே சார்’ என்கிறார். இவர்களை எப்படிப் பேச வைப்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: நீங்கள் என்னிடம் கேட்டதற்கு அந்தத் தம்பியே பதில் சொல்லிவிட்டார். டை உடைந்ததைச் சொன்னவருக்கு மெமோ கிடைத்ததை ஷாப்பே பார்த்தது. அதற்கு மேல் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நீங்கள் ‘தைரியமாகச் சொல்லுங்கள்’ என்றால் யார் வாய் திறப்பார்கள்?

1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 514 விமானம் வாஷிங்டன் அருகே மலையில் மோதி, அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். எவ்வளவு தாழ இறங்கலாம் என்பதில் வந்த குழப்பம் அது. ஆறு வாரம் முன்பு இதே குழப்பத்தில் யுனைடெட் என்ற இன்னொரு நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே மலையில் மோதாமல் நூலிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது, டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. உங்கள் இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாதிரியேதான். அப்புறம் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு வந்தது. லைசென்ஸைப் பறிக்கக்கூடிய துறைக்கே யார் எழுதுவார்கள்? அதனால் 1976-ல் தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். பெயரை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் எல்லோருக்கும் சொன்னார்கள்.

உங்கள் ஷாப்பில் மெமோ எழுதும் பேனா உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால் முதல் வேலையாக, மேலே பேசி அந்தப் பழைய மெமோவை ரத்து செய்யுங்கள். எல்லோர் முன்னாலும் அவரிடம் ‘தப்பு என்னுடையது’ என்று சொல்லுங்கள். கஷ்டம்தான், ஆனால் இதைத் தாண்டாமல் மற்றது எதுவும் நடக்காது.

ஷிப்ட் மாறும்போது இரண்டு ஆபரேட்டர்களும் மெஷின் பக்கத்திலேயே பத்து நிமிடம் நின்று பேசட்டும். ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னால் போதாது; ஒடிசாவிலிருந்து வந்த பையன் தமிழில் எழுதியதை எப்படிப் படிப்பான்? ஒரு மிதிக்கு ஒரு அடி என்று நிறுத்தும் கிளட்ச் சாவி தேய்ந்த பிரஸ்ஸின் சத்தம் மாறுவதை அதில் நிற்பவர்தான் முதலில் உணர்வார். சந்தேகம் வந்தால் மெயின் சுவிட்சை அணைக்கும் உரிமை அவருக்கு வேண்டும். அன்றைய டார்கெட் குறைந்ததற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்ன குறைக்கு என்ன செய்தீர்கள் என்பதை மறுநாளே சொன்னவரிடம் போய்ச் சொல்லுங்கள், பார்ட்ஸ் வரத் தாமதம் என்றாலும்.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. விரல் போனவருக்கு இ.எஸ்.ஐ.யில் வேலையிடத்து விபத்து என்றே பதிவாகியிருக்கிறதா? வீட்டில் அடிபட்டதாக எழுதியிருந்தால் அவருக்குச் சேர வேண்டிய ஊனப் பலன் கிடைக்காமல் போகும். ஷாப்பில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். இன்றே அதைப் பாருங்கள்.

அப்புறம் அந்த இரவு ஷிப்ட் தம்பியைத் திட்டாதீர்கள். மெயின்டனன்ஸ்காரரோடு அந்த பிரஸ் பக்கத்தில் நிற்க வைத்து, அந்த மூன்று நாளும் சத்தம் எப்படிக் கேட்டது என்று சொல்லச் சொல்லுங்கள்.