வகுப்பில் சேருமுன் வைக்கிற ஆங்கிலத் தேர்வு: ரங்கூன் சயாமாவிடம் (ஆசிரியையிடம்) கேட்டவை

தாம்வேயிலிருந்து ஒரு அம்மா: ஆங்கில வகுப்புக்கான தேர்வில் என் மகனுக்கு பி1 என்கிற நடுத்தர நிலை வந்தது. ஆனால் அவன் வேலை செய்யும் ஓட்டலில் வெளிநாட்டுக்காரர் எதிரே வந்தால் வாயே திறப்பதில்லை. தேர்வு தப்பா, சயாமா?

தப்பில்லை அம்மா. அது கேட்டதற்கு அவன் பதில் சொல்லியிருக்கிறான். அவனைப் பேசச் சொல்லி அது கேட்கவே இல்லை. இந்தத் தேர்வுகள் பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கிற வகை. இலக்கணம், சொற்கள், கொஞ்சம் வாசிப்பு, அவ்வளவுதான். சரியானதைப் பார்த்து அடையாளம் காண்பது வேறு, அது தானாக நாக்கில் வருவது வேறு. தாளில் ‘வென்ட்’ என்று சரியாகக் குறித்த பையன், “நேற்று எங்கே போனாய்?” என்று கேட்டால் “யெஸ்டர்டே ஐ கோ” என்பான். பர்மியப் பேச்சில் நேற்றைக்கும் இன்றைக்கும் வினைக்குப் பின்னால் ஒரே ‘தெ’ விகுதி போதுமல்லவா, அந்தப் பழக்கம்!

இன்னொன்று. 40 கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 10 சரியாகிவிடும். அதனால் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே மார்க் விழுந்தால் நான் தாளை நம்புவதில்லை. பத்து நிமிடம் பேச வைப்பேன், அரைப் பக்கம் எழுத வைப்பேன். மகன் சேர்ந்த இடத்திலும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

ஆனாலும் தேர்வு வேண்டும். முப்பது பேரை ஒரே மாலையில் பிரிக்க வேறு வழி கிடையாது.

பெகுவிலிருந்து ஒரு தம்பி: இந்த பி1 தாளைக் காட்டி வெளிநாட்டுக் கல்லூரியில் சேரலாமா?

முடியாது தம்பி. பி1 என்பது ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளில் மூன்றாவது. அந்தப் பெயரை எந்த டியூஷன் சென்டரும் தன் தாளில் போட்டுக்கொள்ளலாம். கல்லூரிகள் கேட்பது ஐஇஎல்டிஎஸ் போன்ற சர்வதேச ஆங்கிலத் தேர்வு. அதில் பேச்சும் எழுத்தும் உண்டு. அந்த மதிப்பெண்ணும் பொதுவாக 2 வருடம்தான் செல்லும்.

ஒரு அக்கா: தேர்வுக்கு முன்னால் படித்துவிட்டுப் போகட்டுமா?

வேண்டாம். தையல்காரர் அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டால் சட்டை யாருக்கு இறுகும்?

அதே அக்கா: கம்ப்யூட்டரில் எழுதினேன். போகப்போகக் கஷ்டமாகிப் பாதியில் அழுகை வந்துவிட்டது.

சரியாகப் பதில் சொன்னால் அடுத்ததைக் கடினமாகக் கொடுக்கிற மாதிரியும் சில தேர்வுகள் உண்டு. உங்களுடையது அப்படி என்றால் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். வகுப்பு ஒத்துவராவிட்டால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் சொன்னால் மாற்றித்தர இடம் இருக்காது.