கரும்புச் சக்கையில் கறண்ட் எடுக்கலாமா?

கேள்வி: நல்லூர்த் திருவிழா நாள்களில் கரும்புச்சாறு விற்கிறேன். ஒரு நாளைக்கு 40 கிலோ சக்கை சேருது. அதை வாயுவாக்கி ஜெனரேற்றர் ஓட்டலாம் என்கிறான் மகன். சரிவருமா? (சாறுக்கடைக்காரர், கோண்டாவில்)

பதில்: பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓட்டின ஆக்கள் நாங்கள். எஞ்சின் ஓடாது என்று சொல்ல மாட்டன். மூடிய உலையில் காற்றைக் குறைத்துச் சக்கையை அரைகுறையாக எரித்தால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, வடித்துக் கொடுத்தால் பெற்றோல் எஞ்சின் இழுக்கும்; இழுவை குறையும். டீசல் எஞ்சினுக்குக் கொஞ்ச டீசலும் கூடவே வேணும்.

பிழிந்த சக்கையில் பாதி தண்ணி. 40 கிலோ காய்ந்தால் 20. சின்ன உலையில் யூனிற்றுக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும் 13 யூனிற் வரும், பாதகமில்லை. கரைச்சல் வேறிடத்தில். சக்கை பஞ்சு மாதிரி. உலைக்குள் தானாகச் சரிந்து இறங்காது. நடுவில் ஓட்டை விழுந்து அதால காற்று ஓடும், சுற்றிவர உள்ளது அப்படியே கிடக்கும். கட்டியாக அழுத்திப் போடலாம். அதுக்கு ஒரு மெசின், அந்த மெசினுக்கும் கறண்ட்! மொனராகலைப் பக்கத்துச் சீனி ஆலைகள் சக்கையை நேரே கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கின்றன. ஒரு தொன் கரும்புக்கு 300 கிலோ வரை சக்கை விழும் இடத்தில் அது கட்டும்.

மகனுக்கு ஆசை விடாவிட்டால் சிரட்டையில் தொடங்கட்டும், அல்லது பனங்கொட்டையைப் பிளந்து பூரான் எடுத்தபிறகு வளவு மூலையில் குவிகிற ஊமலில். இரண்டும் கனமானவை, காய்ந்தவை, உலைக்குள் ஒழுங்காக இறங்கும். ஆனால் வாயுவைக் கழுவுகிற தண்ணியில் தாரும் பீனோல் என்கிற நஞ்சும் சேரும். அதை வளவுக்குள் ஊற்றவே கூடாது. எங்கட நிலம் சுண்ணக்கல். ஊற்றினது கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து நாங்கள் பட்ட பாடு போதும்.

உங்கட சக்கையை மிளகாய்க் கண்டுகளுக்கு அடியில் பரப்புங்கோ, ஈரம் நிற்கும்.

கேள்வி: அந்த வாயுவைச் சமையலுக்குச் சிலிண்டரில் அடைத்து வைக்கலாமா? (இல்லத்தரசி, சாவகச்சேரி)

பதில்: வேண்டாம் பிள்ளை. அதில் பாதி, எரியாத நைதரசன். சமையல் காஸ் போல அமுக்கித் திரவமாக்கவும் ஏலாது. எரிகிற பங்கில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை. குசினிக்குள் கசிந்தால் ஆளை முடித்துவிடும். உலையைத் திறந்த வெளியில் வைத்து, வாயு வரவர எஞ்சினுக்குள் விடுறதுதான் முறை.