செப்புத் தகட்டில் கீறிய மீன்கள்: வாசகர் கேள்வி பதில்

பழைய செதுக்கு அச்சுப்படங்களையும், கையால் வண்ணம் தீட்டப்பட்ட விலங்கு, பறவை, தாவரப் படங்களையும் பற்றித் திருகோணமலையிலிருந்தும் அதன் சுற்றூர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இம்முறை இப்பகுதி முழுவதையும் ஒதுக்கியுள்ளோம்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், உவர்மலை: எங்கள் அப்பப்பா கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957 இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டபோது ஓர் அதிகாரி அவருக்குக் கொடுத்த மீன் படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அது உண்மையிலேயே பழைய அச்சுப்படமா, பிற்காலப் பிரதியா என்பதை வீட்டில் இருந்தபடியே அறிய முடியுமா?

பெருமளவுக்கு முடியும், ஐயா. நகை வேலை செய்பவர்கள் கண்ணில் செருகிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தைச் சட்டத்திலிருந்து மெதுவாகக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் மீனின் செதில்களின் மேல் லென்ஸை வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூவிதழ் போல ஒழுங்காகச் சுற்றி நிற்குமானால் அது ஒப்செட் இயந்திரத்தில் அச்சான பிரதி. அதற்கு மேல் ஆராயத் தேவையில்லை.

புள்ளிகள் இல்லாமல் கோடுகள் மட்டும் தெரிந்தால், அக்கோடுகளை நிதானமாகப் பாருங்கள். செப்புத் தகட்டு வேலையை விளங்கிக்கொள்ள நம்மவர்களுக்கு ஓலைச்சுவடியே நல்ல வழிகாட்டி. எழுத்தாணியால் ஓலையைக் கீறி, கரி கலந்த மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், கீறலுக்குள் தங்கிய மை எழுத்தாகத் தெரியும். செப்புத் தகட்டிலும் அதே முறைதான். கூரிய உளியால் தகட்டில் கோடு கீறி, மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவார்கள். கீறலுக்குள் இருக்கும் மையைத் தாள் குனிந்து எடுத்துக்கொள்வதால் கோடு தாளின்மேல் சற்றே புடைத்து நிற்கும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஊசிமுனையாக ஒடுங்கும். அந்த அழுத்தத்தால் தகட்டின் விளிம்பும் படத்தைச் சுற்றி நீள்சதுரப் பள்ளமாகப் பதியும். விரல் நுனியால் தடவினாலே அப்பள்ளம் தெரியும். ஆயினும் ஓரம் நறுக்கப்பட்ட படங்களில் அது இருக்காது என்பதால், இல்லையென்ற ஒரே காரணத்துக்காகப் படத்தை ஒதுக்கிவிட வேண்டாம்.

கோடுகளுக்குப் பதிலாக நீர்வண்ணம் போன்ற மெல்லிய நிழல்கள் படர்ந்து, அவற்றுள் வலைபோன்ற நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால், பிசின்தூளைத் தகட்டில் ஒட்டவைத்து அமிலத்தால் அரித்துச் செய்யும் அக்குவாட்டின்ட் முறை அது. கரிக்கோலால் சொரசொரப்பான பரப்பில் வரைந்தது போன்ற துகள்கள் தெரிந்தால் அது கல்லச்சு. கல்லச்சு முறையை ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டறிந்தது 1790களின் இறுதியில். ஆகவே கல்லச்சுப் படம் ஒன்றை எவரேனும் 1750ஆம் ஆண்டுக்குரியது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது வண்ணம். அக்காலத்தில் பதிப்பாளரின் பட்டறையில் மாதிரிப் படம் ஒன்றை நடுவில் வைத்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு வண்ணமாகத் தீட்டித் தாளை அடுத்தவருக்கு நகர்த்தினார்கள். அதனால் வண்ணம் ஆங்காங்கே கோட்டைச் சிறிது தாண்டியிருக்கும், தூரிகை நின்ற இடத்தில் குளம்போலத் தேங்கிக் கரை கட்டியிருக்கும். இவை பிழைகளல்ல, மனிதக் கையின் அடையாளங்கள். ஆனால் கையால் தீட்டியது என்பதாலேயே மிகப் பழையது என்றும் கொள்ளக்கூடாது. 1787 இல் தொடங்கிய கர்ட்டிஸின் தாவரவியல் இதழ், தன் படங்களுக்கு 1948 வரை கையாலேயே வண்ணம் தீட்டி வந்தது. வண்ணமற்ற பழைய படத்துக்கு நேற்று வண்ணம் பூசி இன்று விற்பவர்களும் உண்டு. ஒரு பழம்பொருள் கடையில் நான் வாங்கிய கிளிப் படம் அத்தகையதே என்பது, வீட்டுக்குக் கொண்டுவந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தாளில் பழைய பூஞ்சைப் புள்ளிகள் இருந்தன. பச்சை வண்ணமோ அப்புள்ளிகளை மூடி மேலே படர்ந்திருந்தது. படம் அச்சான காலத்திலேயே தீட்டிய வண்ணம், அதற்குப் பின் தோன்றிய கறையின்மேல் ஏறியிருக்க முடியாது. அன்றிலிருந்து வாங்குவதற்கு முன்பே லென்ஸை வெளியே எடுக்கிறேன்.

தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நெருக்கமான கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் அகன்ற கோடுகளும் தெரிந்தால் அது கம்பி அச்சில் வார்த்த பழைய முறைத் தாள். கோடுகளற்ற வழவழப்பான தாள் இங்கிலாந்தில் 1757 அளவில்தான் நூல் அச்சுக்கு வந்தது. ரூபாய்த் தாளைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ் தாள் நீலவெண்மையாக ஒளிருமானால், அதில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுப் பரவலாகச் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டி கலந்திருக்கிறது என்று பொருள்.

படத்தின் அடியில் உள்ள சிற்றெழுத்துகளைத் தவறாமல் படியுங்கள். இடது மூலையில் பெயருடன் ‘டெல்’ என்று இருந்தால் வரைந்தவர். வலது மூலையில் ‘ஸ்கல்ப்’ என்று இருந்தால் செதுக்கியவர். ‘லித்’ என்பது கல்லில் வரைந்தவரைக் குறிக்கும். 1735ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் செதுக்குப்படங்களில் வெளியீட்டு நாளும் உரிமையாளர் பெயரும் பொறிக்கப்பட வேண்டியிருந்ததால், பல படங்களில் ஆண்டு நேரடியாகவே கிடைக்கும். ஒப்செட் பிரதி அந்த ஆண்டையும் சேர்த்தே நகலெடுத்துவிடும் என்பதால், லென்ஸ் சோதனைக்குப் பிறகே எழுத்துக்கு வாருங்கள்.

ஆசிரியை ஒருவர், மூதூர்: சேகரிப்புத் தொடங்க விரும்புகிறேன். எங்கள் மாவட்டத்தோடும் நம் மக்களோடும் தொடர்புடைய படங்கள் இருக்கின்றனவா?

தங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம், அம்மா. 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் செப்புத் தகட்டுப் படங்கள் உள்ளன. தாளிப்பனை ஓலையை மழைக்கும் வெயிலுக்கும் பிடித்துச் செல்வது, யானையால் மரணதண்டனை நிறைவேற்றுவது ஆகிய இரண்டும் அவற்றுள் புகழ்பெற்றவை. செதுக்கியவர்கள் இத்தீவைக் காணாதவர்கள் என்பது உருவங்களின் முகத்திலும் உடையிலும் தெரியும்; இப்படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் அதை மனத்தில் இருத்த வேண்டும். மாறாக, ஆங்கில ஓவியர் சாமுவேல் டேனியல் இத்தீவில் வாழ்ந்து, இங்கேயே 1811 இல் இறந்தவர். 1808 இல் வெளிவந்த அவருடைய பன்னிரண்டு அக்குவாட்டின்ட் படங்களுள் ஒன்று, ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து பார்த்த திருகோணமலைத் துறைமுகம். கிடைத்தற்கரியது, விலையும் எட்டாதது. இருந்தாலும் அப்படி ஒன்று உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மீன்களுக்கு வருவோம். ஜோன் விட்சர்ச் பென்னெட் என்பவர் 1828 முதல் 1830 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இலங்கை மீன்கள் பற்றிய நூலில் கையால் வண்ணம் தீட்டிய முப்பது படங்கள் உள்ளன. வரைந்தது தீவின் தென்கரையில் என்றாலும், மீனுக்கு எல்லை ஏது? அவர் ‘கினி மஹா’ என்ற சிங்களப் பெயரோடு வெளியிட்ட சிங்கமீன் இனத்தின் அறிவியற் பெயரான டெரோயிஸ் மைல்ஸ் என்பதோடு இன்றும் பென்னெட்டின் பெயரும் 1828ஆம் ஆண்டும் சேர்த்தே எழுதப்படுகின்றன. வலையிலிருந்து எடுத்த மீனின் நிறம் எவ்வளவு விரைவாக மங்கும் என்பதை நம் கரையில் வாழ்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிருள்ள மீனைப் பார்த்து வரைந்ததாக அவர் நூலின் தலைப்பிலேயே குறிப்பிட்டது வெறும் பெருமைக்காக அல்ல. சாராயத்தில் ஊறி வெளுத்த மீனைப் பார்த்து ஐரோப்பாவில் இருந்துகொண்டு வரைந்தவர்கள் நிறத்தை ஊகிக்கவே வேண்டியிருந்தது.

நம் கடலோடு தொடர்புடையவை என்பதால் பேர்லின் மருத்துவர் மார்க்குஸ் பிளோக்கின் மீன் படங்களையும் பரிந்துரைக்கிறேன். 1782க்கும் 1795க்கும் இடையில் 432 தகடுகளாக வெளிவந்த அப்பெருந்தொகுப்புக்கு, தரங்கம்பாடியில் இருந்த மதபோதகர் ஜோன் தமிழ்க் கடலின் மீன்களை அனுப்பிவைத்தார். ஒரு செப்பலி இனத்துக்கு அவர் பெயரையே பிளோக் சூட்டினார். அப்படங்கள் சிலவற்றில் செதிலின் மினுக்கத்துக்காக வெள்ளிப் பூச்சு இட்டிருக்கிறார்கள். அது காலப்போக்கில் கறுத்திருந்தால் கவலைப்படாதீர்கள், துடைக்கவும் முயலாதீர்கள்.

பறவைகளில், 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், டி பெவெரே என்ற இத்தீவின் ஓவியரைக் கொண்டு வரைவித்த படங்களுள் பல, 1776 இல் பீட்டர் பிரவுன் இலண்டனில் வெளியிட்ட ஐம்பது தகடுகள் கொண்ட நூலில் செதுக்கப்பட்டன. நம் முற்றத்து முருங்கைப் பூவில் தொங்கும் நீண்ட அலகுத் தேன்சிட்டு ஒன்று இன்றும் லோட்டன் பெயரைத் தாங்குகிறது. தூரிகை பிடித்த டி பெவெரேயை அறிந்தவர் சிலரே. 1838 முதல் 1853 வரை சென்னையில் கல்லச்சில் வெளிவந்த, தாவரவியலாளர் வைட்டின் தாவரத் தொகுப்புக்கு வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்களும் அவ்வாறே. எனக்கொரு விருப்பம் உண்டு: நம்மவர்கள் சேகரிக்கும்போது நூலாசிரியரின் பெயரை எழுதும் அட்டையில், வரைந்தவரின் பெயரையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

1878க்கும் 1880க்கும் இடையில் பீரங்கிப் படை அதிகாரி லெக் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் நூலில், கெய்லமன்ஸ் கல்லில் வரைந்து கையால் வண்ணம் தீட்டிய படங்கள் மிக அழகானவை. பணம் குறைவாயின், 1859 இல் வெளிவந்த, இலங்கை பற்றிய டெனன்ட்டின் நூலிலுள்ள மரச்செதுக்குப் படங்களிலிருந்து தொடங்குங்கள். வண்ணமில்லை, ஆனால் மரக்கட்டையின் குறுக்குவெட்டில் எவ்வளவு நுட்பமாகச் செதுக்க முடியும் என்பதை அவை கற்றுத்தரும்.

இல்லத்தரசி ஒருவர், பாலையூற்று: பழைய படத்தை லமினேட் செய்து வைத்தால் பாதுகாப்பாக இருக்குமல்லவா?

வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் எவராலும் பாதிப்பின்றிப் பிரிக்க இயலாது. செலோரேப்பும் அப்படியே.

கடற்றொழிற் சங்கச் செயலாளர் ஒருவர், நிலாவெளி: ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் எங்கள் படங்களில் பழுப்புப் புள்ளிகள் கூடுகின்றன. என்ன செய்யலாம்?

புள்ளிகளுக்குக் காரணம் பெரும்பாலும் பூஞ்சை, சில வேளைகளில் தாளுக்குள் இருக்கும் இரும்புத் துகள்; இரண்டையும் வளர்ப்பது ஈரம். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நிற்கும்போது பூஞ்சை தலையெடுக்கும், ஐப்பசி தொடங்கித் தை வரை நம் கடற்கரை வீடுகளில் அது நாட்கணக்கில் அப்படியே நிற்கிறது. கடலைப் பார்த்த வெளிச்சுவரில் படத்தை மாட்டாதீர்கள். உள்சுவரில், தக்கையின் சிறு துண்டுகளைச் சட்டத்தின் பின்மூலைகளில் ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று ஓடும்படி விடுங்கள். கண்ணாடி தாளைத் தொடவே கூடாது. தொட்ட இடத்தில் ஈரம் கோத்துத் தாள் கண்ணாடியோடு ஒட்டிவிடும். இடையில் பருத்தி நாரால் செய்த, அமிலமற்ற அட்டையில் சன்னல் வெட்டி வைக்கச் சொல்லுங்கள். பழைய சட்டங்களின் பின்புறம் அடித்திருக்கும் பலகையை உடனே அகற்றுங்கள், அதன் அமிலமே தாளைப் பழுப்பாக்கிப் பொடியாக்குகிறது.

மாரியில் படங்களை இறக்கி அலுமாரியில் அடுக்குவதானால், வாரம் ஒருமுறை மழை ஓய்ந்த வேளையில் கதவைத் திறந்து விசிறி போடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நிழலில் வைத்துப் பாருங்கள். வெயிலில் காயவைத்தால் இளஞ்சிவப்பு போன்ற வண்ணங்கள் விரைவில் வெளிறிவிடும். ஏட்டுக்கட்டுகளுக்கு நம் முன்னோர் வைத்த வசம்பும் வேப்பிலையும் பூச்சியை விரட்ட உதவும். ஆனால் இலையையோ கிழங்கையோ தாளின்மேல் நேரடியாக வைத்தால் கறை பிடிக்கும், துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். வெள்ளிப்பூச்சிக்குப் பசையென்றால் கொள்ளை ஆசை என்பதால், மாப்பசை தடவிய பழைய முதுகுத்தாள்களை இரு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே வந்த புள்ளிகளை வெளுக்கும் தூளால் போக்க முயல வேண்டாம். கையால் தீட்டிய வண்ணம் புள்ளிகளுக்கு முன்னரே கரைந்துவிடும். படத்தின் பின்பக்கத்தில், இலைகளின் பச்சை இருக்கும் இடங்களில் மட்டும் தாள் பழுத்து நொறுங்கினால் அது ஈரத்தால் வந்ததல்ல. செம்பிலிருந்து செய்த பச்சை வண்ணம் தாளை அரிப்பது அது. அத்தகைய படத்தை மடக்காமல், சுருட்டாமல், தட்டையாகவே வையுங்கள்.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர், கிண்ணியா: ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ நூலின் தாள் ஒன்றை, மூல வண்ணத்துடன் கூடியது என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? என்னிடம் உள்ள பழைய, அட்டை கழன்ற தாவர நூலிலிருந்தும் படங்களைப் பிரித்துச் சட்டமிடலாம் என்று எண்ணுகிறேன்.

கொச்சியில் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையுடன் தொகுத்து, 1678 முதல் 1693 வரை அம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த நூல் அது. தாவரப் பெயர்களை மலையாள எழுத்திலும் செப்பில் பொறித்த சிறப்பு அதற்கு உண்டு. ஆனால் படங்கள் வண்ணமின்றியே வெளியிடப்பட்டன. நூலை வாங்கிய செல்வர் எவரேனும் அக்காலத்திலேயே வண்ணம் தீட்டுவித்திருக்கலாம், கடந்த ஆண்டு ஒருவர் தீட்டியும் இருக்கலாம்; இரண்டில் எதுவாயினும் ‘மூல வண்ணம்’ என்ற சொல் பொருந்தாது. வண்ணமற்ற தாள் கிடைத்தால் அதையே விரும்புங்கள். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இத்தகைய பல நூல்களைப் பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். வாங்க நினைக்கும் தாளை அங்குள்ள பக்கத்தோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

தங்களிடம் உள்ள நூலைப் பற்றி: தயவுசெய்து பிரிக்காதீர்கள். சந்தையில் இன்று கிடைக்கும் படங்களில் மிகப் பல, எவரோ நூல்களை உடைத்து எடுத்தவையே. முன்பே உடைந்து போனதிலிருந்து வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். முழுதாக இருக்கும் ஒன்றை உடைப்பது வேறு. படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள விளக்கமும், தாவரம் எடுக்கப்பட்ட இடமும், முந்தைய உரிமையாளர் ஓரத்தில் எழுதிய தமிழ்ப் பெயரும் ஒருமுறை பிரிந்தால் மீண்டும் சேர்வதில்லை. கழன்ற அட்டையைப் பசையால் ஒட்டாமல், அகன்ற பருத்தி நாடாவால் நூலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அமிலமற்ற பெட்டி ஒன்றில் படுக்கையாக வையுங்கள். சுவருக்குப் படம் வேண்டுமென்றால், தங்களுக்குப் பிடித்த பக்கத்தை நூலை முழுதாக விரித்து அழுத்தாமல் மேலிருந்து ஒளிப்படம் எடுத்து, அதை அச்சிட்டுச் சட்டமிடுங்கள். அதன் பின்புறத்தில் நூலின் பெயர், பக்க எண், பிரதி எடுத்த நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவிடுங்கள், நாளை எவரும் அதை மூலம் என்று விற்காதிருக்கட்டும்.